கெடாமல் வந்த ரத்தம்

ரத்தம் எடுத்து அனுப்புகிறவர்களுக்கு நம் லேபில் கொடுக்கும் சீட்டில், முதல் வரியாக "ரத்தம் உயிரோடு இருக்கிறது" என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து, புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் உங்களில் ஒருவர் அந்த வரியை எடுத்துவிட்டு "மாதிரியை முறையாகப் பாதுகாத்து ஒப்படைக்கவும்" என்று போடலாம் என யோசனை சொன்னாராம். அதைக் கேட்டதும் என் மதியத் தூக்கம் போய்விட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மெஷினை எப்படி ஓட்டுவது என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. நான் கடைசியாக ஓட்டிய மெஷினுக்கு உறை போட்டு மூடி, அதன் மேல் டீ கப்பை வைத்திருக்கிறீர்கள். போன மாதம் வந்தபோது பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருடம் ரத்த டியூப்களோடு குடித்தனம் நடத்திவிட்டு, இப்போது நிம்மதியாக வீட்டில் இருக்கிறேன். அந்த நிம்மதி ஒரு காலைப்பொழுதில் என் கையைவிட்டு நழுவப் பார்த்தது. அந்தக் கதையை மட்டும் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு நாலைந்து வருடம் இருக்கும். அப்போது நம் லேப் இந்தப் புதுக் கட்டடத்தில் இல்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய ஒரு சொல்தாவின் வீட்டில், கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். நானும் கவிதாவும்தான். கவிதா கவுண்டரில் டியூப்களை வாங்கி அடுக்குவாள். நான் உள்ளே மெஷினோடு இருப்பேன்.

அன்று காலை ஒன்பது மணி வாக்கில் அஞ்சலை ஒரு டியூப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். அஞ்சலையை எனக்கு வருடக்கணக்காகத் தெரியும். பிள்ளைச்சாவடியிலிருந்து மீன் கொண்டுவந்து, குருசுக்குப்பத்தை ஒட்டிய எங்கள் தெருவில் விற்பவர். எங்கள் வீட்டுக்கு சங்கராவும் கானாங்கெளுத்தியும் அவரிடம்தான். நண்டு நாங்கள் சமைப்பதில்லை. எதிர்வீட்டு டீச்சர் வாங்குவார். என் மனைவியும் அஞ்சலையும் விலை பேசுவதை வாசலில் நின்று கேட்டால், இரண்டு பேரும் இனி ஜென்மத்துக்கும் பேச மாட்டார்கள் என்று தோன்றும். அடுத்த நாள் காலை பார்த்தால் இருவரும் காபி குடித்துக்கொண்டிருப்பார்கள்.

டியூப்பில் இருந்தது அவர் கணவர் ஏழுமலையின் ரத்தம். ஏழுமலை கடலுக்குப் போகிறவர். பிரஷருக்கும் கால் வீக்கத்துக்கும் நீர் பிரிகிற மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதோடு நாலு நாள் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொள்ள, கால் துவண்டு பாயை விட்டு எழுந்திருக்க முடியாமல் போய்விட்டது. முந்தின நாள் சாயந்திரம் கிராமத்து கிளினிக்குக்கு வந்துபோகும் டாக்டரம்மா பார்த்துவிட்டு, உடனே உப்பளத்தில் இருக்கும் தன் மருத்துவமனையில் வந்து சேரச் சொல்லியிருக்கிறார். ஏழுமலை காலையில் வருகிறேன் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறார். சரி, ரத்தமாவது முன்னால் போகட்டும் என்று எடுத்து, அஞ்சலையிடம் கொடுத்து, எங்கள் லேபில் சேர்க்கச் சொல்லிவிட்டார்கள்.

இந்த விவரமெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று காலை எனக்குத் தெரிந்தது ஒரு டியூப், ஒரு படிவம். படிவத்தில் ரத்தம் எடுத்த நேரத்தை எழுதும் கட்டம் காலியாக இருந்தது. காலையில் எடுத்திருப்பார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன், அஞ்சலையிடம் கேட்டு வரச் சொல்லவில்லை. இது என் முதல் தவறு. எண்ணிக்கொள்ளுங்கள், இன்னும் வரும்.

பொட்டாசியம் ஆறு புள்ளி எட்டு என்று வந்தது. மூன்றரைக்கும் ஐந்துக்கும் நடுவில் இருக்க வேண்டியது; ஐந்துக்கு மேல் போனாலே நாம் நிமிர்ந்து உட்கார்வோம். இந்த அளவில் இதயம் எந்த நிமிடமும் நின்றுபோகலாம். மறுபடி ஓட்டினேன், அதேதான் வந்தது. டியூப்பைச் சுற்றிப் பிரித்ததில் மேலே நின்ற சீரத்தின் நிறத்தைப் பார்த்தேன். சிவப்பணுக்கள் உடைந்தால், அதாவது ஹீமோலிசிஸ் ஆனால், உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டிப் பொய்க்கணக்கு காட்டும். ஆனால் அப்போது சீரமும் சிவந்துவிடும். இது தெளிவாக, வைக்கோல் நிறத்தில் இருந்தது. அதற்கு மேல் எனக்கு என்ன சந்தேகம்? டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். ஏழுமலையை அப்போதுதான் ஆட்டோவில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள்.

"ஹீமோலிசிஸ் இல்லையே பாய்?" என்று கேட்டார்.

"இல்ல மேடம். தெளிவா இருக்கு" என்றேன்.

இ.சி.ஜி. எடுத்திருப்பதாகவும், பொட்டாசியம் கூடினால் வருகிற மாதிரி அதில் இல்லை என்றும் சொன்னார். அந்தத் தாளை மறுபடி புரட்டிப் பார்ப்பது போனில் கேட்டது. பிறகு, "சரி, ரெண்டு தடவை பாத்துட்டீங்க, தெளிவா இருக்குங்கறீங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று போனை வைத்துவிட்டார். ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்ட தோரணையில் நான் கவிதாவைப் பார்த்தேன். அவள் அதைக் கண்டுகொள்ளாமல் அடுத்த படிவத்தை நீட்டினாள்.

ஏழுமலையின் டியூப்பை எடுத்து வைக்கப் போனேன். லேபிள் கையோடு வந்துவிட்டது. ஈரத்தில் ஊறிப் பசை விட்டிருந்தது. பேனா மையும் கலங்கியிருந்தது. கையுறை விரலில் ஏதோ ஒன்று மினுங்கியது. விளக்கில் பிடித்துப் பார்த்தால் மீன் செதில். அஞ்சலை கொடுத்த அன்பளிப்பு என்று முதலில் சிரிக்கத்தான் செய்தேன். பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டது. மீன் இருந்த இடத்தில் ஐஸ் இருந்திருக்கும்.

கவிதாவிடம் கேட்டேன். வாங்கும்போது டியூப் சில்லென்று இருந்தது சார், நல்லபடியாகத்தான் கொண்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன் என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் கைக்கு வருவதற்குள் அந்தக் குளிர் போய்விட்டிருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம் நடத்த அனுமதியுங்கள். உடம்பில் உள்ள பொட்டாசியத்தில் ஏறக்குறைய எல்லாமே செல்களுக்கு உள்ளே இருக்கிறது. வெளியே ரத்த நீரில் இருப்பது கொஞ்சம். நாம் அளப்பது அந்தக் கொஞ்சத்தைத்தான். உள்ளே அதிகம், வெளியே குறைவு என்றால், எது கூடுதலோ அது குறைந்த பக்கம் போகப் பார்க்கும். செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு அதை முழுசாகத் தடுப்பதில்லை, கசியவிடுகிறது. கசிந்து வெளியே போவதைப் பிடித்துப் பிடித்து உள்ளே சேர்க்கவும், உள்ளே வரும் சோடியத்தை வெளியே தள்ளவும் அந்தச் சவ்விலேயே பம்புகள் இருக்கின்றன. படகில் ஊறும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பது போல, இந்த வேலைக்கு ஓய்வே கிடையாது. டியூப்புக்குள் வந்த பிறகும் அந்த செல்லுக்குத் தான் உடம்பை விட்டு வந்துவிட்டது தெரியாது; பம்பு ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஐஸில் வைத்தால் பம்பு படுத்துவிடும். கசிவு மட்டும் படுக்காது. ராத்திரி முழுக்கப் பொட்டாசியம் மெல்ல மெல்ல வெளியே வந்துகொண்டே இருக்கும். ஒரு செல்கூட உடையாது, அதனால் சீரமும் சிவக்காது.

இது எனக்குத் தெரியாததா? பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவருக்கும் "பிரிக்காத ரத்தத்தை ஃபிரிட்ஜில் வைக்காதே" என்று வாய் வலிக்கச் சொன்னவன் நான். எனக்கு அது ஃபிரிட்ஜ் என்ற பெயரில்தான் தெரிந்திருந்தது. மீன் பெட்டி என்ற பெயரில் தெரியவில்லை.

இப்போது ஏழுமலையின் நிலையை யோசித்துப் பாருங்கள். பொட்டாசியம் கூடினாலும் கால் துவளும், குறைந்தாலும் கால் துவளும். நீர் மாத்திரையும் வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் குறைவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். கூடியிருக்கிறது என்று நம்பினால் டாக்டர் என்ன செய்வார்? இன்சுலினும் குளுக்கோஸும் ஏற்றுவார். இன்சுலின் ரத்தத்தில் இருக்கும் பொட்டாசியத்தை செல்லுக்குள் தள்ளும். ஏற்கெனவே குறைந்து கிடக்கும் மனிதருக்கு அதைச் செய்தால், மிச்சம் இருப்பதும் உள்ளே போய், இதயம் நின்றுவிடும். அந்த ஊசியை ஏற்றச் சொன்னது என் நம்பர்.

டாக்டரம்மாவின் செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மருத்துவமனை நம்பருக்குப் போட்டேன். நர்ஸ் எடுத்தார். இங்கேதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். என் வாயில் முதலில் என்ன வந்தது தெரியுமா? "ஏழுமலைக்கு இன்னொரு சாம்பிள் அனுப்புங்க சிஸ்டர், ஒரு தடவை கன்ஃபர்ம் பண்ணிடலாம்."

எவ்வளவு நாகரிகமான வாக்கியம் பாருங்கள். அதில் பொய் இல்லை. என் பெயருக்கும் பழுதில்லை. நாம் எல்லோரும் தினமும் சொல்வதுதான். நர்ஸும் அதே நாகரிகத்தோடு, "அனுப்பறோம் சார். இன்சுலின் கலந்துட்டேன், அதை ஏத்திட்டு எடுத்து அனுப்பறேன்" என்றார்.

 அவர் போனை வைக்கப் போவது காதில் கேட்டது.

"சிஸ்டர், வைக்காதீங்க. நான் குடுத்த நம்பர் தப்பு. ஊசி ஏத்தாதீங்க."

அந்தப் பக்கம் ரிசீவர் கை மாறியது. பிறகு டாக்டரம்மாவின் குரல் வந்தது. பக்கத்தில்தான் இருந்திருக்கிறார். "அப்ப சரியான நம்பர் என்ன பாய்?" என்றார். குரலில் கோபம் இருந்தது, இருக்க வேண்டியதுதானே.

"தெரியாது மேடம். ஏழுமலையோட பொட்டாசியம் இன்னும் யாருக்கும் தெரியாது. ரத்தம் மீனோட ஐஸுல இருந்திருக்கு. நான் கவனிக்கல. வேற ரத்தம் எடுத்து வையுங்க, நானே வந்து வாங்கிக்கிறேன்."

இதைச் சொல்லி முடிக்க அரை நிமிடம் ஆகியிருக்காது. முப்பது வருடத்தில் சேர்த்த பேர் போயிற்று என்றுதான் ஸ்கூட்டரைக் கிளப்பும்போது நினைத்தேன். உப்பளம் போய்ச் சேர்வதற்குள் அந்த நினைப்பும் போய், ஊசி ஏறியிருக்குமோ என்ற பயம் மட்டும் மிச்சம் இருந்தது. ஏறவில்லை. கலந்து வைத்த மருந்து தட்டில் அப்படியே இருந்தது. ஏழுமலை கண்ணைத் திறந்து, மீன் வாங்க வந்தவரைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். புது டியூப்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். வந்த கையோடு சுற்றிப் பிரித்து மெஷினில் வைத்தேன்.

இரண்டு புள்ளி நாலு.

போனில் சொன்னதும் டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். இ.சி.ஜி. அப்போதே இதைத்தான் சொன்னது, நான்தான் தாளைவிட உங்கள் நம்பரை நம்பிவிட்டேன் என்றார். அது எனக்குக் கிடைத்த பாராட்டா, திட்டா என்று இன்றுவரை விளங்கவில்லை. டிரிப்பில் பொட்டாசியத்தை நிதானமாக ஏற்ற ஆரம்பித்தார்கள்.

சாயந்திரம் வேலை முடிந்ததும் மனசு கேட்காமல் மருத்துவமனைக்குப் போனேன். ஏழுமலை காலை மடக்கி நீட்டிக் காட்டினார். வெளியே நடைபாதை பெஞ்சில் அஞ்சலை தனியாக உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் காலி அன்னக்கூடை. அழுத முகம். விஷயம் உறவுக்காரர்களுக்குள் பரவி, அஞ்சலை ரத்தத்தை ஐஸில் வைத்துக் கெடுத்துவிட்டாள், புருஷனைக் கொல்லப் பார்த்தாள் என்கிற அளவுக்குப் போய்விட்டது. ஏழுமலையின் அக்கா முகம் கொடுத்துப் பேசவில்லையாம். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் அஞ்சலை என் பக்கம் திரும்பாமலே பேச ஆரம்பித்தார்.

"கெடாம கொண்டு போயி குடுக்கணும்னு சீட்டுல போட்டிருக்குதுன்னு கிளினிக்கு நர்சம்மா படிச்சு சொன்னாங்க பாய். கெடாம கொண்டாறத எனக்கா சொல்லித் தரணும்? வஞ்சிரத்த ஒதுக்கிட்டு நடு ஐஸுல வெச்சேன். ராத்திரி எழுந்து ஐஸு மாத்தினேன். என் மீனுக்குக்கூட அப்படி எழுந்ததில்ல."

அந்தச் சீட்டை எழுதியவன் யார் தெரியுமா? நான்தான். "மாதிரியைக் கெடாமல் ஒப்படைக்கவும்" என்பது என் கைவண்ணம். நல்ல தமிழ் என்று அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. கெடாமல் என்றால் மீன் விற்கிற ஒருவருக்கு என்ன அர்த்தம் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்தவர் அஞ்சலை ஒருவர்தான்.

எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. ஏழுமலையின் அக்காவைக் கூப்பிட்டு, தப்பு எங்கள் லேபினுடையது, சீட்டிலும் தப்பு, பார்த்ததிலும் தப்பு, அஞ்சலை பேரில் ஒன்றும் இல்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அதான பாத்தேன்" என்றார். பிறகு அஞ்சலையிடம் விளக்கினேன். ரத்தம் வெறும் தண்ணீர் இல்லை, அதற்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. உடம்பிலிருந்து எடுத்த பிறகும் அவை வேலை செய்துகொண்டுதான் இருக்கும். குளிர்ந்தால் கை ஓய்ந்து, உள்ளே வைத்திருப்பதை வெளியே விட்டுவிடும் என்றேன். அஞ்சலை அழுகையை நிறுத்திவிட்டு என்னை முறைத்துப் பார்த்தார்.

"உயிரோட இருக்குதா?"

"ஆமாம்மா."

"அத மொதல்ல சொல்றதில்லியா பாய்? செத்ததுக்குத்தான ஐஸு. உயிரோட இருக்கற நண்ட ஐஸுல போட்டா நான் எப்படி டீச்சரம்மாவுக்குக் குடுக்கறது? அதுக்கு ஈரச்சாக்குல சுத்தி, காத்தாட வெச்சு, சீக்கிரமா கொண்டாருவேன். கெடாம கொண்டாறது வேற, சாகாம கொண்டாறது வேற. படிச்சவங்களுக்கு இதுகூடத் தெரியாதா?"

தெரியவில்லை. அந்த ஈரச்சாக்கை எங்கள் வாசலில் எத்தனையோ வருடமாகப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் நண்டு வாங்காததால், அதில் என்ன இருக்கிறது, ஏன் அது மட்டும் ஐஸில் இல்லை என்று நான் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் என் பாடம் முழுவதையும் அஞ்சலை ஒரு வாய் வெற்றிலை போடும் நேரத்தில் நடத்தியிருப்பார்.

மறுநாளே சீட்டை மாற்றினேன். "சாகாமல் கொண்டுவரவும்" என்றுதான் முதலில் எழுதினேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு, லேப் சீட்டில் இப்படிப் போட்டால் வருகிறவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள் என்று சிரித்தார். பிறகுதான் நீங்கள் இப்போது பார்க்கும் வரி வந்தது: ரத்தம் உயிரோடு இருக்கிறது. அதன் கீழே ஐஸ் கூடாது என்றும், எடுத்த நேரத்தைக் கட்டாயம் எழுத வேண்டும் என்றும், ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்றும் இருப்பதெல்லாம் அதற்குப் பிறகு சேர்த்தவை.

அந்தச் சீட்டுக்கு நீங்கள் புது அச்சு போடுங்கள், நல்ல தாளில் போடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. முதல் வரியில் மட்டும் கை வைக்காதீர்கள். ஒரு நம்பர் தப்பு என்று தெரிந்த நொடியில் "கன்ஃபர்ம் பண்ணிடலாம்" என்று உங்கள் வாயிலும் வரும். வரத்தான் செய்யும், நாமெல்லாம் மனிதர்கள்தானே. அப்போது தட்டில் கலந்து வைத்திருந்த அந்த மருந்தை நினைத்துக்கொண்டு, தப்பு என்ற வார்த்தையைத் தப்பு என்றே சொல்லுங்கள். என் பேர் ஒன்றும் போய்விடவில்லை. அதற்குப் பிறகு டாக்டரம்மா என் ரிப்போர்ட்டை முன்னைவிட அதிகமாக நம்பினார்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஏழுமலைக்கு மறுபடி ரத்தம் பார்க்க வேண்டியிருந்தது. கிளினிக்கில் காலையில் எடுத்த கையோடு அஞ்சலை நேராக எங்கள் லேபுக்கு வந்தார். மீன் விற்கக்கூட நிற்கவில்லை. கவுண்டரில் கவிதாவைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து என்னைக் கூப்பிட்டார். இடுப்பில் செருகியிருந்த துணியைப் பிரித்து டியூப்பை மேஜை மேல் வைத்தார். அவருக்குப் பின்னால் வாசற்படியில், கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு, இரண்டு காலிலும் திடமாக நின்றுகொண்டிருந்தார் ஏழுமலை. ஆளே இங்கே வருகிறார் என்றால் இங்கேயே ரத்தம் எடுத்திருக்கலாமே, எதற்கு இதைத் தனியாகச் சுமந்து வந்தீர்கள் என்று கேட்டேன்.

அஞ்சலை டியூப்பையும் பார்த்தார், திரும்பி அவரையும் பார்த்தார்.

"இருக்கட்டும் பாய். ரெண்டையும் உயிரோட கொண்டாந்துட்டேன், பாத்துக்கங்க."